மங்குஸ்தானுக்குப் போட்ட கூடாரம்

போன வாரம் நம் பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? இப்போது கோயம்புத்தூரில் இருக்கிற நம் தோழி தொட்டியில் ஒரு மங்குஸ்தான் கன்று வைத்திருக்கிறாள். ஆறு இலை. அதைப் படம் பிடித்துப் போட்டு என்னைக் கேட்டிருந்தாள்: "மார்கழி வருதுடி, பனிக்கு இத மூடி வைக்கணுமா?"

எனக்குச் செடிப் பைத்தியம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் வீட்டில் ரம்புட்டான் பூத்துவிட்டது என்றால் ஒன்பது குரல் பதிவு அனுப்புகிறவள் நான். அன்றைக்கு மட்டும் "மூடாதே" என்று ஒரே ஒரு சொல் அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டீர்கள். பதில் சின்னது இல்லை. நமக்கெல்லாம் முப்பது தாண்டியாகிவிட்டது, காதோரம் வெள்ளை வந்துவிட்டது. இனிமேலும் சொல்லாமல் வைத்திருந்தால் எப்போதுமே சொல்ல மாட்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிரிக்கெட் பந்து அங்கேதான் விழும், எடுக்க வந்தால் அப்பா திட்டுவார். உங்கள் வீடுகளில் எல்லாம் முருங்கை, வாழை, ஒரு பலா, கொடிக்கம்பி. எங்கள் வீட்டில் பெயர் தெரியாத கன்றுகள். ஒவ்வொன்றையும் சுற்றி முள்வேலி, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் தென்னங்கீற்று. "உங்கப்பா செடிக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் கட்டிக் குடுத்திருக்காருடி" என்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். இதைப் படிக்கிற உங்களில் ஒருத்திதான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்பா பழுப்பு நிலக்கரி மைன்ஸில் பெல்ட் செக்‌ஷன் ஃபிட்டர். மூன்று ஷிஃப்ட். பள்ளத்துக்குள் எட்டு மணி நேரம் மண்ணும் கரியும் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர், மேலே வந்தால் பச்சையாக ஏதாவது பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அப்படியெல்லாம் அவர் வாயைத் திறந்து சொன்னதில்லை. எனக்குத் தெரிந்து எல்லாம் ஒரு பழத்தில் ஆரம்பித்தது.

வடலூரில் அப்பாவுக்கு ஒரு சிநேகிதர், பழக்கடை வைத்திருந்த பாய். பாயின் மச்சான் மலேசியாவில் இருந்தார். அவர் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது துணிப்பைக்குள் ஈரத்துணி சுற்றி நாலைந்து மங்குஸ்தான் கொண்டுவந்தார். பாய் அதில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுக்க, அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டு எங்களுக்குக் கொண்டுவந்தார். கத்தரிக்காய் நிறத்தில் கட்டையான தோல். அப்பா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்த, அது பட்டென்று வாயைத் திறந்தது. உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளையாக ஆறு சுளை. எனக்கு இரண்டு, அம்மாவுக்கு ஒன்று, மிச்சம் மூன்றையும் தங்கச்சி தின்றாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. தோலின் சாயம் அவள் கவுனில் பட்டுக் கடைசிவரை போகவேயில்லை. தின்று முடித்துவிட்டு, இது நம் வீட்டில் காய்க்குமா என்று கேட்டாள். காய்க்கும் என்றார் அப்பா. எப்போ என்றாள். நீ பத்தாவது படிக்கும்போது மரத்தில் நீயே ஏறிப் பறிக்கலாம் என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாமும்.

மங்குஸ்தான் விதை காய்ந்தால் செத்துவிடும். தின்ற கையோடு மண்ணில் போட வேண்டும். பெரிய சுளைக்குள்தான் விதை இருக்கும். தங்கச்சி துப்பிய விதையைத்தான் அப்பா ஊன்றினார். அது முளைத்தது. பிறகு பாயின் மச்சான் வரும்போதெல்லாம் வேறு விதைகள், கேரளா பக்கம் போகிற லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஜாதிக்காய்க் கன்று, ரம்புட்டான், ஒரு துரியன். டவுன்ஷிப்பிலேயே இது எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நான் வகுப்பில் பீற்றிக்கொள்வேன். மங்குஸ்தான் ஆமை மாதிரி வளரும். இரண்டு வருஷத்தில் ஒரு சாண். எதிரெதிராக இரண்டு இலை விட்டுவிட்டு மாசக்கணக்கில் சும்மா இருக்கும். வீட்டில் கடைக்குட்டியாக இருந்த தங்கச்சிக்குத் தன்னைவிடச் சின்னதாக ஒன்று கிடைத்துவிட்டது. "எனக்குத் தங்கச்சி" என்பாள் அதை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் நின்று யார் உயரம் என்று பார்ப்பாள். தினமும் அவள்தான் ஜெயிப்பாள்.

நான் நான்காவது படித்த வருஷம் அப்பா எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றினார். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் விடாத மழை. பின்பக்கம் தண்ணீர் நின்றது. மார்கழி பிறந்ததும் துரியன் முதலில் தலையைத் தொங்கப் போட்டது, அப்புறம் இரண்டு ரம்புட்டான், பொங்கலுக்கு முந்தின நாள் ஜாதிக்காய். இப்போது என்னிடம் கேட்டால் ஒரே நிமிஷத்தில் சொல்வேன், தண்ணீர் நின்று வேர் அழுகியது, அது காட்டிக்கொடுக்க ஒரு மாசம் ஆனது என்று. ஆனால் அப்பா பார்த்தது என்னவென்றால், பனி விழுகிற மாசத்தில் செடி சாகிறது. பாயிடம் கேட்டார், பாய் மச்சானிடம் கேட்டார். "அங்க மழை இருக்கு, வெயில் இருக்கு, குளிருன்னு ஒண்ணு கெடையாதுண்ணே" என்று பதில் வந்தது. அதோடு அப்பாவுக்குத் தீர்மானமாகிவிட்டது. பனிதான் எதிரி.

தங்கச்சிக்கும் அதே எதிரிதான். அவளுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலம் முடிந்தால் ஆரம்பிக்கும். நெஞ்சுக்குள்ளே யாரோ பழைய கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிவப்புக் குரங்குக் குல்லாயை அவள் தலையில் மாட்டிவிடுவாள். அறையின் உச்சியில் இருக்கிற வென்டிலேட்டரில் பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செருகிவைத்திருந்தாள். அம்மாவுக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம். "பனி எறங்கினா நெஞ்சுல சளி கட்டிகினு போவாது" என்பாள்.

அடுத்த மார்கழிக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே மங்குஸ்தான். முழங்கால் உயரம், பதினாறு இலை. பின்பக்கச் சுவரை ஒட்டி, எங்கள் அறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே நின்றது. சுவர் வெயிலை வாங்கிவைக்கும் என்று அப்பா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். மார்கழி முதல் தேதிக்கு முன்னாலேயே பாலித்தீன் ஷீட் வாங்கிவந்தார். கட்டுவதற்கு வேறு பிடிப்பு இல்லாததால் ஷீட்டின் மேல் முனையை வென்டிலேட்டர் கம்பியிலேயே கட்டி, கீழ் முனையைச் சரிவாக இழுத்துச் செங்கல் வைத்தார். இரண்டு பக்கமும் சாக்கு. சுவரில் சாய்ந்த ஒரு பாதிக் குடிசை. உள்ளே செடி. செடிக்குப் பக்கத்தில், சித்தாள் தலையில் தூக்குவாரே, அந்த சிமெண்ட் சட்டி. சட்டியில் கரி.

கரி என்றால் நம் ஊர்க் கரி. விறகுக்கரி கிடையாது. பழுப்பாக, நகத்தால் கீறினால் மரத்தின் ரேகை தெரியுமே, அது. சைக்கிளில் மூட்டை கட்டி விற்க வருவார்களே, அதில் இரண்டு மூட்டை. இந்தக் கரியைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாதது கிடையாது. குவித்துவைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும், மேலே சாம்பலைத் தூவி மூடினால் தணலாகவே பத்து மணி நேரம் கிடக்கும், சுடராது, செடியைப் பொசுக்காது. வேறு ஊர்க்காரன் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. விறகு வைத்திருப்பான், புகை தாங்காமல் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டிருப்பான். நம் கரியின் புகை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாசம் மட்டும்தான், தீக்குச்சி உரசினால் மூக்கில் ஏறுமே, அது. அந்த வாசத்தில்தானே நாம் எல்லோரும் பிறந்தோம். வெளியூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாசம் வந்தால் செருப்பைத் தேட ஆரம்பிப்போம், வீடு வந்துவிட்டது என்று.

பாய் ஒரு நாள் பார்க்க வந்தவர் சாக்கை விலக்கிக் குனிந்தார். உடனே நிமிர்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கண்ணு எரியுதே. இது செடிக்கு ஆவுமா?" என்றார்.

அப்பா சிரித்தார். "உங்களுக்குப் பழக்கம் இல்ல பாய். இது நம்ம ஊரு பொகை, ஒண்ணும் பண்ணாது."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா எனக்குக் கொடுத்த வேலை. நீல அட்டை போட்ட தடி நோட்டு. காலையில் தேதி, சூடு எவ்வளவு, இலை எத்தனை, கரி எத்தனை சட்டி. சூடு பார்க்க என்னிடம் இருந்தது தங்கச்சியின் காய்ச்சல் தெர்மாமீட்டர். அது முப்பத்தைந்துக்குக் கீழே இறங்காது என்று எனக்குத் தெரியாது. ஆகவே அந்த மார்கழி முழுக்க எங்கள் மங்குஸ்தான் கூடாரத்தில் தினமும் முப்பத்தைந்து. நோட்டைப் பார்த்துவிட்டுச் செடி சொகுசாக இருக்கிறது என்று அப்பா பூரித்துப் போவார். இலையும் வரைவேன். ஒவ்வொரு இலையையும் எண் போட்டு, ஓரம் கருகினால் அந்த இடத்தில் பிரவுன் பென்சில்.

ஏனென்றால் கருக ஆரம்பித்தது. முதலில் சட்டிப் பக்கத்து இலைகள், ஓரத்திலிருந்து உள்ளே, தேநீர்க் கறை பரவுகிற மாதிரி. அப்பா அதைப் பனி என்றார். காலை ஒரு சட்டி, சாயங்காலம் ஒரு சட்டி என்றிருந்ததை மூன்றாக்கினார். கருகல் கூடியது. சாக்கை இரட்டையாக்கினார்.

அரையாண்டுத் தேர்வு நேரம். தங்கச்சியின் இருமலில் என் படிப்பு கெடுகிறது என்று என் படுக்கையை ஹாலுக்கு மாற்றியிருந்தார்கள். அறையில் தங்கச்சியும் அம்மாவும். அந்தத் தேர்வுக்கு அறிவியலில் ஒரு பாடம், சூடான காற்று லேசாகி மேலே போகும் என்று. படித்ததைப் பிரயோகித்துப் பார்க்காமல் விடுகிற பிள்ளையா நான்? பின்பக்கம் போய்க் கூடாரத்தை அண்ணாந்து பார்த்தேன். மேலே போகிற சூடு எங்கே போகிறது? வென்டிலேட்டரில் இருக்கிற அட்டையில் முட்டி வீணாகிறது. அட்டைக்கு அந்தப் பக்கம் தங்கச்சி குளிரில் இருமுகிறாள்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அந்த அட்டையை எடுத்துவிட்டால் கூடாரத்துச் சூடு அறைக்குள் வருமே, ஒரே கரியில் இரண்டு பேருக்கும் சூடு.

அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை எடுத்துவந்து போட்டு, ஏறி, அட்டையை உருவினார். கீழே இறங்கி என் தலையில் கை வைத்து அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, கேட்டியா உன் பெரியவ சொன்னத. ரெண்டு புள்ளைக்கும் ஒரே அடுப்பு. இவ இன்ஜினியரா வருவா பாரு." பாயிடம் சொன்னார், செக்‌ஷனில் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அறை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு தினமும் காலையில் தலைவலி. பனி என்றாள். தைலம் தடவிக்கொண்டு கோலம் போடப் போவாள். தங்கச்சியின் நெஞ்சுக்குள் இருந்த கதவு சத்தம் நிற்காமல் கேட்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள். முகத்தில் கப் வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது குல்லாயைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சி எப்டிக்கீது?" என்று செடியைத்தான் விசாரித்தாள். அந்த மூன்று நாளும் அப்பா ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் கரி போடவில்லை. நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்: கரி இல்லை, புதுக் கருகல் இல்லை. எழுதியவள் நான்தான். எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்பியவளும் நான்தான்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மறுபடியும் இழுப்பு. ஆஸ்பத்திரி கதகதப்பாக இருந்தது, வீடு குளிர்கிறது என்றார் அப்பா. நாலாவது சட்டி.

மார்கழி கடைசி வாரம். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்தார். வெளியே வெள்ளையாகப் பனி, எதிர் பிளாக் தெரியவில்லை. சட்டியைக் கிளறிப் புதுக்கரி போட்டுவிட்டுக் கை கழுவ உள்ளே வந்தவர் தங்கச்சியை எழுப்பப் போனார். நான் ஹாலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியதைப் பார்த்தேன். அவள் உதடு அந்தப் பழத்தோல் நிறத்தில் இருந்தது. எதிர்வீட்டு ஸ்கூட்டரில் ஏறினார்கள். சிவப்புக் குல்லாய் வாசலில், அம்மா அப்போதுதான் போட்டுமுடித்த கோலத்தின் மேல் விழுந்தது. அதை எடுத்து மாடத்தில் வைத்தேன், வந்ததும் கேட்பாள் என்று.

அவள் வரவில்லை. அதாவது, பத்து மணிக்கு வந்தாள். நீங்கள் எல்லோரும் யூனிஃபார்மோடு வந்து நின்றீர்களே, அப்போது.

குளிர் தாங்கவில்லை என்றார்கள் வந்தவர்கள். டாக்டர் வீசிங் என்றார், இந்தப் பனியில் இப்படி நிறையக் குழந்தைகள் என்றார். அப்பா யார் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் சொன்னார், பனி. பாய் வந்து ஒரு நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தார். போகும்போது பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

கூடாரத்தை அம்மாதான் பிய்த்துப் போட்டாள். சட்டியில் சாம்பல் அப்படியே கிடந்து மழையில் கரைந்தது. செடியை யாரும் பார்க்கவில்லை. பதினாறு இலையில் நாலுதான் பச்சை. நான் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். அவளுடைய தங்கச்சி என்று. நோட்டையும் விடவில்லை, தினமும் அதன் எதிரே உட்கார்ந்து நாலு இலையையும் வரைவேன்.

அடுத்த மார்கழி வந்தது. முந்தின வருஷத்தைவிடக் குளிர் அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். காலையில் பள்ளிக்கூட பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வரும். கூடாரம் இல்லை, சாக்கு இல்லை, கரி இல்லை. ஒரு காலையில் பார்த்தால் செடியின் உச்சியில், பனி சொட்டச் சொட்ட, செம்பு நிறத்தில் இரண்டு துளிர். இன்னும் விரியாமல் கைகூப்பின மாதிரி. பக்கக் கணுவில் இன்னும் இரண்டு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் சந்தோஷமாக ஒரு விஷயம். அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். பாருங்கப்பா, இந்தப் பனியிலயே துளிர் விட்டிருக்கு என்றேன்.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம். எத்தனை நாளாச்சு என்று கேட்டார். நோட்டைப் புரட்டி ஆறு நாள் என்றேன். அப்பா துளிரைத் தொடவில்லை. மெதுவாகத் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். அதற்கும் மேலே பார்த்தார். பிறகு ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார். அன்றைக்கு அவருக்கு ஆஃப்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்த இடத்தில் குழிதான் இருந்தது. வேரோடு தோண்டி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டிருந்தார். வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்து சிமெண்ட் பூசியிருந்தார். சிமெண்ட் இன்னும் ஈரம். தன் மகள் செத்து, செடி பிழைத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை என்று நான் நினைத்தேன். ஆறு மாசம் அவரோடு பேசவில்லை. நான் அப்போது உங்களில் பலரிடம் அவரைப் பற்றி என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவிருக்கிறது. உங்களுக்கு நினைவில்லாமல் இருந்தால் நல்லது.

கல்லூரியில் தாவரவியல் எடுத்தேன். இரண்டாம் வருஷம் ஒரு வகுப்பில், கந்தகம் கலந்த கரிப்புகை பட்ட இலை எப்படி இருக்கும் என்று ஒரு படம் காட்டினார்கள். ஓரத்திலிருந்து உள்ளே பரவுகிற பழுப்பு. நான் அந்தப் படத்தைப் பத்து வயசிலேயே பிரவுன் பென்சிலில் வரைந்திருக்கிறேன். விடுதியிலிருந்து அன்றைக்கே பஸ் ஏறினேன். அம்மாவின் பீரோவில், மங்குஸ்தான் கறை பட்ட கவுனுக்கு அடியில் அந்த நீல நோட்டு இருந்தது. குல்லாய் இல்லை, அது எப்போது போனதோ. நோட்டைத் திறந்து, கரி எத்தனை சட்டி என்கிற பத்தியையும் கருகல் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரி இல்லாத மூன்று நாள். அதில் மூன்றாம் நாள் அவள் கட்டிலில் குதித்தாள்.

அட்டையை எடுத்த தேதியும் இருந்தது. பக்கத்தில் நானே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். அப்பா ரிடையர் ஆகி, வடலூர் தாண்டி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனார். வீட்டைச் சுற்றி ஒரு அடி மண் விடாமல் சிமெண்ட் தளம். துளசிகூட இல்லை. என் வீட்டு மாடி முழுக்கத் தொட்டிகள், அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட அவர் கேட்டதில்லை. மார்கழி வந்தால் மட்டும் ஃபோன் செய்து, பேத்திக்குக் குல்லாய் போடு என்பார்.

போன தை மாசம் நம் பழைய பிளாக் பக்கம் போயிருந்தேன். பாதி வீடுகள் காலி. எங்கள் வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கம் போய் நின்றேன். சுண்ணாம்பு உதிர்ந்து, வென்டிலேட்டர் இருந்த இடத்தில் அந்த சிமெண்ட் மட்டும் தனி நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. செடியின் மேல் கோபம் என்றால் செடியைப் பிடுங்கினால் போதும். வென்டிலேட்டரை எதற்கு அடைக்க வேண்டும்? ஒரே நாளில்?

அங்கிருந்து நேரே வடலூர் போனேன். மத்தியானம். அம்மா உள்ளே மிக்ஸியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன திடீரென்று என்று கேட்டார். பிளாக் வரைக்கும் போனேன் என்றேன். வீடெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"அப்பா, அந்த வென்டிலேட்டர் அட்டைய எடுக்கச் சொன்னது நான்தான?"

"எந்த அட்ட?" என்றார். பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "நீ ஒண்ணும் சொல்லல. அஞ்சாவது படிக்கிற புள்ள இன்னா சொல்லும். பனிம்மா. அந்த வருசம் பனி ஜாஸ்தி."

"அடுத்த வருசம்தான்பா ஜாஸ்தி. அந்தப் பனியிலதான் துளிர் விட்டுச்சு. நீங்களும் பாத்தீங்க."

உள்ளே மிக்ஸி நின்றது. அம்மா வெளியே வரவில்லை.

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். வெறும் சிமெண்ட் தளம், அதில் வெயில்.

"பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சிபோச்சு. நீ தெனம் அதும் எதிர்ல குந்திகினு நோட்டு எழுதிகினு இருந்த. அது அங்க நின்னா, என்னைக்காவது ஒரு நாளு நீ கண்டுபுடிச்சுடுவ. அதான் புடுங்கிட்டேன்."

ஆறு மாசம் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஆறு மாசமும் அவர் எனக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"ஸ்டூல் மேல ஏறினது நானு," என்றார். "அட்டைய உருவினது நானு. நோட்டுல அத எழுதிக்க."

பையில் நோட்டு இருந்தது. நான் எடுக்கவில்லை. அம்மா மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் பார்க்காமல் குடித்தோம். நான் கிளம்பும்போது அப்பா வழக்கம்போல வாசல்வரை வந்து, சாயங்காலம் பனி இறங்கிவிடும், பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திக்கொள் என்றார். சரிப்பா என்றேன்.

கோயம்புத்தூர்க்காரியே, உன் கன்றை வெளியிலேயே வை. தண்ணீர் மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள். மேலே ஷீட் போடாதே, பக்கத்தில் எதையும் மூட்டாதே. காலையில் இலை நனைந்திருந்தால் பயப்படாதே.

பனி அதை ஒன்றும் செய்யாது.